வர்க்கிக்குக் கொடுத்த அவகாசம்

— இடுப்பு ரெண்டாப் பிளந்துரும் போல இருக்குண்ணே. குமுளி எறக்கத்துல அந்த ஜீப்புக்காரன் ஒரு வளைவுலயாச்சும் பிரேக்கத் தொடணுமே! மொதல்ல ஒக்கார எடம் குடு. கையெழுத்தெல்லாம் அப்புறம்.

— எங்கன ஒக்காருவ சாஜிதா? கட்டில், நாற்காலி எல்லாத்தையும் நேத்தே கம்பத்துக்கு ஏத்தியாச்சு. இந்த உத்தரக்கட்டை மேல ஒக்காரு. ஏப்பா அழகரு, தங்கச்சிக்கு அதத் தொடச்சு விடு.

— ஒக்காருங்கம்மா. ஆணி கீணி கிழிச்சிரும்னு பயப்பட வேணாம். இந்த மர வீட்டுல தேடுனாலும் ஒரு ஆணி கெடையாது. பலகைக்குப் பலகை நாக்கு, தூணுக்குத் தூணு முளை. சாமி சத்தியமா, தேனியில இருந்து இங்கன கூடலூரு வரைக்கும் எத்தனையோ வீட்டப் பிரிச்சு வித்திருக்கேன், இப்பிடிப் பாத்ததில்ல.

— நீங்கதான் பிரிக்கிற காண்ட்ராக்டரா?

— ஆமாம்மா. முன்வீடு முழுக்க என் பொறுப்பு. பின்கட்டு வேற ஆளு. அது கல்லும் சுண்ணாம்பும், ஜேசிபி வந்தா ஒரு மணி நேர வேலை.

— கேளு சாஜிதா. இந்த மரத்த அப்பிடியே குமுளியில ஒரு லாட்ஜுக்காரரு எடுத்துக்கிறாரு. கழட்டி அங்கன கொண்டுபோய் மாட்டி, வெள்ளக்காரங்களப் படுக்க வைப்பாராம். நாளைக்கு வண்டி வருது. தோட்டத்தப் பங்கு பிரிச்சப்போ அத்தா வீட்டப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாம விட்டுட்டாகள்ல, அதான் வில்லங்கம். தங்கச்சி கையெழுத்து இல்லாம ஒரு சட்டத்தக்கூட ஏத்த மாட்டேங்கிறாரு.

— அதுக்குத்தான வந்திருக்கேன். வீட்டப் பாத்து அழவா வந்தேன்? மலை சரிஞ்சு எறங்கி எங்க வீட்ட ஆத்தோட அடிச்சுட்டுப் போன நாள்ல இருந்து முண்டக்கயத்துல வாடகைக்குக் கெடக்கோம். வீட்டுக்காரி தண்ணி மோட்டாரப் போடுறதுக்கே மொகம் பாப்பா. என் பங்கு வந்தாத்தான் எனக்கு ரெண்டு சுவரு எழும்பும். பேப்பர எடு.

— எடுக்குறேன், எடுக்குறேன். கேரளாவுக்கு வாக்கப்பட்டுப் போயி ரொம்பக் காரமாயிட்ட நீ.

— பின்னே? முப்பது வருசமா கப்பக்கெழங்கு தின்னவ கிட்ட என்ன எதிர்பாக்குற?

— பாய், இடையில பேசுறேன்னு நெனைக்காதீக. இந்த முன்வீட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவுல எதுக்கு ஒரு ஆளு நொழையிற சந்து? கூரையப் பிரிக்கிறப்போ பாத்தேன், ரெண்டும் ஒட்டவே இல்ல. மழத்தண்ணி நேரா உள்ளாறல்ல எறங்கும்? எந்தக் கொத்தனாரு இப்பிடிக் கட்டுனாரு?

— கொத்தனாரு சொன்னாரு அழகரு, உத்தரத்து மேல சாத்தி ஓட்டப் போட்டா ஒரே வீடா ஆயிரும்னு. எங்க அத்தா கேக்கல. மரத்து மேல ஒரு கல்லு படக் கூடாதுன்னு ஒரே நிலையா நின்னாக. எங்கம்மா ஜெய்த்தூன் பீவி சாகுற வரைக்கும் மழைக்காலம் பூரா அந்தச் சந்துல அண்டா வச்சு, அத்தாவத் திட்டிக்கிட்டே தண்ணி எறைச்சாக. அத்தா சேக் பரீதுன்னா கம்பம் பஜாருல எல்லாருக்கும் தெரியும், கருமின்னு. கருமி இல்ல, பிடிவாதக்காரரு.

— அதோட இன்னொண்ணு பாய். போன மாசம் நான் அளக்க வந்த அன்னைக்கி, ஒரு மலையாளத்துப் பெருசு நின்னுச்சே. ஒவ்வொரு தூணா தடவிக்கிட்டு. யாரு அது? உங்க ஆளா?

— வர்க்கியா? அய்யய்யே, அவர உனக்குத் தெரியாதுல்ல. அது எங்க அத்தாவோட கடனாளிப்பா. சாஜிதா, நீ சின்னப்புள்ளையில பாத்திருப்பியே.

— ஏதோ வெள்ள வேட்டி மங்கலா ஞாபகம் இருக்கு. ஆம்பளைங்க பேசுற எடத்துல நம்மள எங்க நிக்க விட்டாக? பின்கட்டுல இருந்து சோறு போட்டு அனுப்புவாக அம்மா. அவ்வளவுதான்.

— கேளுப்பா அழகரு, எங்க அத்தா எப்பேர்ப்பட்ட மனுசன்னு இதுல தெரியும். இந்த வர்க்கி மேல மலையில ஒரு தகரக் கொட்டாயில இருக்காரு. என்னைக்கோ எங்க அத்தாகிட்ட வாங்குனாரு. எம்புட்டு, எதுக்குன்னு அத்தா சொன்னதே இல்ல. வருசா வருசம் மழை விட்டதும் எறங்கி வருவாரு. இந்த முத்தத்துல நின்னு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அவகாசம் கேப்பாரு. அத்தா ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொன்னதில்ல. தோள்ல தட்டி, சோறு போட்டு, அரிசி குடுத்து அனுப்பிருவாக. அவரும் சும்மா போகமாட்டாரு. ஒரு டின்னுல முந்திரித் தோட்டு எண்ணெ கொண்டாந்து, கரையான் அரிக்காம இந்தப் பலகை பூராவும் பூசி விட்டுட்டுத்தான் போவாரு. வட்டி ஹராம்னு அத்தா வாங்க மாட்டாக, அதுக்குப் பதிலா ஒழைச்சுக் கழிக்கிறாருன்னு வச்சுக்கயேன்.

— நல்ல கடனாளி பாய். நமக்கு வாச்சவனெல்லாம் போன எடுக்க மாட்டேங்கிறான்.

— இன்னும் முடியல, கேளு. அத்தா மவுத்தான அன்னைக்கி. மையித்த இந்த முத்தத்துலதான் வச்சிருக்கு. தொழ வைக்கிறதுக்கு முன்ன எங்கள்ல ஒரு வழக்கம். மகன் எந்திரிச்சு நின்னு கேக்கணும்: எங்க அத்தா யாருக்காச்சும் எதுவும் தர வேண்டியது இருந்தா இப்பச் சொல்லுங்க, நான் பொறுப்பு ஏத்துக்கிறேன்னு. நான் கேட்டேன். பின்னால இருந்து இந்த வர்க்கி முன்னால வாராரு. அழுதுகிட்டே அவகாசம்னு கேக்குறாரு! குடுத்த மனுசன் போயிட்டாரு, கமுக்கமா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? ஆனா வந்து நின்னாரு பாரு. நான் அவரு ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, எம்புட்டு அவகாசம் வேணும்னாலும் எடுத்துக்க பெருசு, எங்க அத்தா குடுத்தத நான் நிப்பாட்ட மாட்டேன்னேன். ஜமாத்தே அழுதுச்சு அழகரு. பள்ளிவாசல் அசரத்து அடுத்த வெள்ளிக்கெழமை பயான்லயே இதச் சொன்னாக.

— கேக்கவே மயிர்க்கூச்செறியுது பாய்.

— அண்ணே.

— என்னா?

— அவரு என்ன சொன்னாரு? நீ சொல்றத விடு. அவரு வாயில வந்தது என்ன?

— அதான் சொன்னேனே, அவகாசம் கேட்டாரு.

— அவரு மாதிரியே சொல்லிக் காட்டு. நீதான் ஊருல எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவியே.

— இதென்ன கூத்து. சரி கேளு: 'ஃபரீதே, எனிக்கு இவிடெ அவகாசம் உண்டோ?' இப்பிடித்தான் அத்தாகிட்ட வருசா வருசம். கொரலு கொஞ்சம் இழுக்கும்.

— அதுக்கு அத்தா?

— தலைய ஆட்டுவாக.

— தலைய ஆட்டுனா பத்தாது. வாயில என்ன சொன்னாக? தாரேன்னாகளா? எடுத்துக்கன்னாகளா?

— இல்ல... 'உண்டு வர்க்கி, உண்டு.' அம்புட்டுத்தான். என்னா, ஏன் எந்திரிக்கிற? இடுப்பு வலின்ன?

— படச்சோனே...

— ஏ புள்ள, என்னா ஆச்சு? அழகரு, அந்தத் தண்ணி பாட்டில எடு.

— தண்ணி வேணாம். அண்ணே, அவரு தமிழ் பேசல.

— கொஞ்சம் மலையாளம் கலந்துதான் பேசுவாரு. அதுக்கென்ன?

— அவகாசம்ங்கிறத நீ தமிழாக் கேட்டிருக்க. அவரு அதயும் மலையாளத்துலதான் சொல்லியிருக்காரு. கேரளாவுல அதுக்கு டைம்னு அர்த்தம் இல்லண்ணே. உரிமைன்னு அர்த்தம். பாத்தியதை.

— போடி. நான் வண்டிப்பெரியாறு ஏலக்கா ஏலத்துல நிக்காத நாளா? எனக்கா மலையாளம் தெரியாது?

— ஏலக்கா வெல பேசத் தெரியும் உனக்கு. சொத்துப் பேசியிருக்கியா அங்கன? என் மாமனாரு மவுத்தானப்போ தாலுகா ஆபீஸ்ல எத்தனை தடவ காதுல விழுந்துச்சு இந்த வார்த்தை. மகனுக்கு இத்தனை அவகாசம், மகளுக்கு இத்தனை அவகாசம். நான் இப்ப வாங்க வந்திருக்கேனே பங்கு, அதுக்கும் அங்க அதே பேருதான்.

— அம்மா, எனக்கு வெளங்கல. அப்ப அந்தப் பெருசு வருசா வருசம் என்னதான் கேட்டாரு?

— 'எனக்கு இங்கன உரிமை இருக்கா?'ன்னு கேட்டிருக்காரு.

— அப்ப அத்தா சொன்னது?

— 'இருக்கு வர்க்கி, இருக்கு.'

— பாய், நான் வேணா கொஞ்சம் அந்தப் பக்கம் போயி நிக்கவா?

— நில்லு அழகரு. நீ போகாத. இவ வெயில்ல வந்ததுல ஏதோ ஒளறுறா. உரிமையா? எதுல உரிமை? நெலம் சங்கரலிங்கம் வீட்டுக்காரக கிட்ட இருந்து அத்தா வாங்குனது. பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு. வாங்குறப்போ இங்கன ஒரு கெணறும் மாட்டுக் கொட்டாயும்தான்.

— நெலத்த யாரு சொன்னா? வீடு எங்க இருந்து வந்துச்சு?

— கேரளாவுல வெலைக்கு எடுத்து எறக்குனாக அத்தா.

— யாருகிட்ட எடுத்தாக?

— யாருகிட்டயோ.

— எந்த வருசம்?

— அம்மா கல்யாணத்துக்கு முந்துன வருசம். மேல காட்டுல குடியேறுன சனங்களையெல்லாம் கேரளா கவர்மெண்டு எறக்கி விட்டுச்சே, அந்த வருசம். சட்டி பானை, ஆடு மாடு, கதவு சன்னலோட வண்டி வண்டியா எறங்குச்சுன்னு அம்மா சொல்வாக. ஏன் அப்பிடிப் பாக்குற?

— கதவு சன்னலோட எறங்குச்சு. நீயே சொல்லிட்ட. இத எங்க பக்கம் நிர வீடும்பாங்க. பலகைய நிறுத்தி நிறுத்திக் கோக்குறது. கட்டில் கழட்டுற மாதிரி கழட்டிரலாம். எடம் மாறுனா வீட்டையும் கூடத் தூக்கிட்டுப் போவான். அந்த ஆளக் காட்ட விட்டு எறக்கியிருக்காங்க. அவரு வீட்டக் கழட்டி வண்டியில போட்டு எறங்கியிருக்காரு. நிறுத்த எடம் இல்ல. அத்தாகிட்ட எடம் இருந்துச்சு.

— கதை நல்லா இருக்கு. ஆனா கதை.

— அப்ப நீ சொல்லு. கடன்காரன் எதுக்கு எண்ணெ வாங்கிட்டு வந்து பூசுறான்? காசு இல்லாதவன், தகரக் கொட்டாயில கெடக்குறவன், சொந்தக் காசுல எண்ணெ வாங்கி அடுத்தவன் வீட்டுப் பலகையில பூசுவானா?

— அதான் வட்டிக்குப் பதிலா...

— வட்டியே இல்லாத கடனுக்கா?

— பாய், கோவிச்சுக்காதீக. நான்கூட அன்னைக்கி நெனச்சேன். அந்தப் பெருசு தூணத் தடவுனது, மாட்டுக்காரன் மாட்டத் தடவுற மாதிரி இருந்துச்சு.

— நீ சும்மா இரு அழகரு! அப்ப நிக்கச் சொன்னது சாட்சி சொல்றதுக்கில்ல.

— அவர எதுக்கு வையிற? அந்தச் சந்தப் பாருண்ணே. அம்மா அண்டா வச்சு அண்டா வச்சு நொந்து போன சந்து. அத்தா ஏன் மரத்து மேல கூரையச் சாத்தல? என்னைக்காச்சும் ஒரு நாள் இந்த முன்வீட்டத் தனியாக் கழட்டிக் குடுக்கணும். பின்கட்டு விழாம இருக்கணும். அதுக்குத்தான் வெலகி நின்னு கட்டியிருக்காக.

— பிடிவாதம். அம்புட்டுத்தான்.

— நீ ஆறாவது படிக்கிறப்போ சுவத்துல காலண்டர் மாட்ட ஆணி அடிச்சியே.

— அதுக்கென்ன?

— அத்தா உன்னைய எதால அடிச்சாக?

— பெல்ட்டால. தொடையில இன்னும் தழும்பு இருக்கு.

— அடிக்கிறப்போ என்ன சொன்னாக? நான் அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு நின்னேன், எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேட்டுச்சா?

— 'கேட்டு அடிச்சியா, கேட்டு அடிச்சியா'ன்னு. நானும் 'அத்தா நீங்க கடையில இருந்தீக, யாருகிட்டக் கேக்குறது'ன்னு கத்துனேன். யாருகிட்டக் கேக்கணும்னு சொல்லவே இல்ல... அடிச்சுட்டு அவுகளே போயி அந்த ஆணியப் புடுங்குனாக. ஓட்டையில மெழுகு வச்சு அடைச்சாக.

— சொந்த வீட்டு ஓட்டைக்கு எவன் மெழுகு வைப்பான்? தோட்டத்த மரம் விடாம எண்ணிப் பங்கு பிரிச்ச மனுசன், வீட்ட ஏன் விட்டாகன்னு ஜமாத்துல எல்லாரும் கேட்டாக. மறந்துட்டாகன்னு சொன்ன நீ. அத்தாவா மறப்பாக? அடுத்தவன் பொருள எப்பிடிப் பங்கு வைக்கிறதுன்னு விட்டிருக்காக.

— சொல்லியிருக்கலாம்ல! ஒரு வார்த்தை. மகன்கிட்ட. ஆசாது, இது நம்மளது இல்லடான்னு!

— எப்பிடிச் சொல்லுவாக? உத்தமபாளையத்துல அம்மாவப் பொண்ணு கேட்டுப் போனப்போ என்ன சொல்லிக் கேட்டாக? மாப்பிள்ளைக்குத் தோட்டத்துல தேக்கு வீடு இருக்குன்னு. அம்மாவப் பெத்த நன்னி அதச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாக. மாமனாரு வீட்டுக்குச் சொன்ன ஒரு பொய்ய, பொண்டாட்டிகிட்டத் திருப்பி எடுக்க முடியல அந்த மனுசனால. புள்ளைக பொறந்துட்டோம். பெறகு எப்பிடி?

— நீ அத்தாவத் திருடன்ங்கிற.

— இல்ல. திருடன்னா உண்டுன்னு சொல்லியிருக்க மாட்டாக. ஒவ்வொரு வருசமும் ஒத்துக்கிட்டிருக்காக. நம்ம காதுலதான் தப்பா விழுந்திருக்கு.

— சரி, கேளு. உன் வழிக்கே வாரேன். அவருக்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்கா? சாட்சி இருக்கா? லாட்ஜுக்காரன்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன். நாளைக்கு மரம் ஏறிருச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. உனக்கும் ரெண்டு சுவரு வேணும்னு சொன்ன. மறந்துட்டியா? அவருக்கு உண்டுன்னா உனக்கு இல்ல. ஒத்த மரம் கெடையாது. திரும்பிப் போயி அந்த வீட்டுக்காரி மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெட.

— தெரியும்.

— தெரிஞ்சா பேனாவப் புடி.

— சாட்சி கேட்டியே. எத்தனை பேரு வேணும்? மையித்துக்கு எத்தனை பேரு வந்தாக?

— அதுக்கும் இதுக்கும்...

— அன்னைக்கி அவரு 'அவகாசம் உண்டோ'ன்னு கேட்டாரா, 'உண்டு'ன்னு சொன்னாரா? நான் உள்ள பொம்பளைக கூட இருந்தேன். எனக்குக் கேக்கல. உனக்கு நேரா நின்னாரு. சொல்லு.

— அழுதுகிட்டே சொன்னாரு. தெளிவா இல்ல.

— மாதிரி பேசிக் காட்டுண்ணே.

— 'ஆசாதே... எனிக்கு... எனிக்கு அவகாசம் உண்டு. அவகாசம் உண்டு மோனே.'

— கடன் வாங்குனவன் வந்து, எனக்கு டைம் இருக்கு, எனக்கு டைம் இருக்குன்னா அழுவான்?

— யா அல்லா.

— நீ கேட்டிருக்க. எங்க அத்தா யாருக்காச்சும் தர வேண்டியது இருக்கான்னு. ஒரே ஒருத்தரு முன்னால வந்து, எனக்கு இருக்குன்னு சொல்லியிருக்காரு.

— யா அல்லா, நான் என்ன சொன்னேன் அவருகிட்ட... எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கன்னு... கையப் புடிச்சுக்கிட்டு... ஜமாத்து அம்புட்டும் என்னைய மெச்சுச்சு சாஜிதா! அசரத்து என் தலையில கை வச்சாக! யாருக்கும் பாக்கி இல்லன்னு தொழ வச்சு அடக்கிட்டு வந்துட்டோம்... அத்தாவ அந்தப் பாரத்தோட குழிக்குள்ள எறக்கி, மேல மண்ணத் தள்ளிட்டு வந்திருக்கேன் நான்.

— ஒக்காருண்ணே. கீழ ஒக்காரு.

— பாய், தண்ணி குடிங்க. மெதுவா. என்னா இப்போ, மரம் இங்கனதான இருக்கு? அந்தப் பெருசக் கூப்புட்டுக் குடுத்துட்டா முடிஞ்சுது. என் கூலி போனாப் போகுது.

— ஆமாண்ணே. மரம் இருக்கு. லாட்ஜுக்காரனுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்திரு.

— எல்லாம் இல்ல.

— என்ன எல்லாம் இல்ல?

— அழகரு, நீ சொல்லு.

— அம்மா... கூரைக் கைமரமும் தெக்குப் பக்கத்துச் சுவர்ப் பலகையும் போயிருச்சும்மா.

— எங்க போயிருச்சு? அந்தப் பக்கம் சாக்கு மறைச்சிருக்கேன்னு பாத்தேன், கழட்டி அடுக்கியிருக்கீகன்னு நெனச்சேன்.

— லாட்ஜுக்காரரு பாத்துட்டு, மழையில கருத்துப் போன பலகை வேணாம், கூரை நாங்க புதுசாப் போட்டுக்கிறோம்னு கழிச்சுட்டாரு. நான் சொன்னேன், பாய், கருப்பு மேலதான், சீவுனா உள்ள தங்கமாட்டம் இருக்கும்னு. பாய்தான் அவசரம், எடத்தக் காலி பண்ணுன்னாக. காளவாசலுக்கு ஒரு லோடு அனுப்பிட்டேன்.

— காளவாசலுக்கா? செங்கலுக்கு?

— முந்தாநாளே எரிச்சிருப்பாங்கம்மா.

— அண்ணே...

— நான்தான் சொன்னேன். விறகுன்னு சொன்னேன்.

— சரி. சரி, இரு. இப்ப அவர எப்பிடிப் பாக்குறது? போன் நம்பரு இருக்கா?

— இல்ல. அவரே வருவாரு.

— போன மாசம் வந்தாருன்னாரே அழகரு. அப்ப என்ன சொன்னாரு? அதையும் தப்பாத்தான் கேட்டிருப்ப.

— அப்ப சந்தோசமா இருந்தாரு. 'ஸ்தலம் கிட்டி, ஆசாதே, ஸ்தலம் கிட்டி'ன்னாரு. ஏதோ புண்ணிய ஸ்தலம் போறாரு போல, வேளாங்கண்ணிக்குன்னு நெனச்சேன். நல்லபடியாப் போயிட்டு வா பெருசுன்னு, வழிச்செலவுக்கு வச்சுக்கன்னு சட்டைப் பையில பணத்தத் திணிச்சேன். அவரு அதப் பாத்து முழிச்சாரு. பெறகு கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

— ஸ்தலம்னா நெலம்ணே! நெலம் கெடச்சிருச்சுன்னு சொல்லியிருக்காரு. இத்தனை வருசம் கழிச்சு மேல கவர்மெண்டு எடம் குடுத்திருக்கு. வீட்ட நிறுத்த எடம் கெடச்சிருக்கு அவருக்கு!

— அப்ப நான் குடுத்த காசு...

— வண்டி வாடகைக்கு நீயே உதவுறன்னு நெனச்சிருப்பாரு. அதான் கண்ணுல ஒத்தியிருக்காரு. வேற ஏதாச்சும் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— 'வண்டி கொண்டு வராம்'னாரு. வேளாங்கண்ணிக்குக் கூட்டமா வண்டி புடிச்சுப் போறாகன்னு நெனச்சேன். அடுத்த மாசம்... ஆத்யத்தே ஞாயறாழ்ச்சன்னு.

— மொத ஞாயித்துக்கெழமை.

— அம்மா, அது இன்னைக்கில்ல? பாய், நான் வேணா பசங்கள விட்டு மிச்சத்த மறைச்சு வைக்கவா? இல்ல, தோட்டத்துக் கேட்டப் பூட்டிரவா? இன்னைக்கி ஒரு நாள் தள்ளுனா...

— பூட்டாத அழகரு.

— இல்ல பாய், வயசான ஆளு, இதப் பாத்தா என்னமும் ஆயிரும்.

— கேட்ட நல்லாத் தொறந்து வையி. லாரி நொழையிற மாதிரி. சாஜிதா, அந்தப் பேப்பரக் குடு.

— கிழிக்காதண்ணே. நாளைக்கு லாட்ஜுக்காரன்கிட்டக் காட்டித்தான் முன்பணத்தத் திருப்பணும். மடிச்சு வையி.

— உனக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே ஆத்தா. வந்ததுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

— பின்னே, என் வீட்ட ஆறு கொண்டுபோச்சு. ஆத்துகிட்டப் போயி உண்டா இல்லையான்னு கேக்க முடியுமா? இவருக்குக் கேக்குறதுக்கு ஒரு ஆளாச்சும் இருந்துச்சு. என் கத அப்புறம். பின்கட்டு இருக்கு, அதுல பேசிக்குவோம் நாம.

— பாய். கேரளா வண்டி ஒண்ணு வாய்க்காப் பாலத்துல திரும்புது. லோடு இல்லாம, காலியா.

— யாரு இருக்கா?

— முன்னாடி சீட்டுல பெருசு. பக்கத்துல ஒரு பொம்பள, மக போல. பெருசு மடியில முளை தட்டுற கொட்டாப்புளி வச்சிருக்கு.

— கழட்டுறதுக்கு அவரே கொண்டாந்திருக்காரு. அண்ணே, எந்திரி. என்ன பேசப் போற?

— நீ பேசு. உனக்குத்தான் பாஷை தெரியும். நான் இன்னொரு வார்த்தைய நம்ப மாட்டேன்.

— நான் பேசுனா அது என் பேச்சு. அன்னைக்கி ஜமாத்து முன்னாடி பொறுப்பு ஏத்துக்கிறேன்னு சொன்ன வாயி உன்னது. கடன்னு சொல்லு. அங்க 'கடம்'பாங்க. அதுல கொழப்பம் இல்ல.

— ஆசாதே! மோனே! நேரத்தே எத்தியோ ஞங்கள்? இவள் என்றெ மகள் ஜாய்ஸ்... மோனே... கூர எவிடே?

— மெதுவா எறங்குங்க, வர்க்கி அய்யா. என் தோளப் புடிச்சுக்கங்க. நிக்கிற மரம் அம்புட்டும் உங்களது, ஏத்திக்கங்க. கூரைய நான் எரிச்சுட்டேன். தெக்குச் சுவரையும் எரிச்சுட்டேன். கடம், அய்யா. எங்க அத்தாவுக்கும் எனக்கும் சேத்துக் கடம். ஒரு கூரை, ஒரு சுவரு. அப்புறம் உங்க வீட்டுல நாங்க படுத்துக்கிட்டு, உங்கள வெளிய தகரத்துக்கடியில படுக்க விட்ட அம்புட்டு வருசமும்.